ஏழு போர்ட்டல்களை ரிஜெக்ட் செய்த அக்கா

காலையில் கடையைத் திறந்து மூன்றாம் நம்பர் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்தபோது மானிட்டரில் நாலு சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன. நகத்தளவு ஸ்டிக்கர்கள். பனியன் கம்பெனிகளில் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் செக்கிங் ஆட்கள் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவார்களே, அதே அம்பு. திரை இருட்டாக இருந்தவரை அவை எதையும் காட்டவில்லை. நான் செய்து வைத்திருந்த தளத்தைத் திறந்த பிறகுதான் ஒவ்வொன்றும் எதைக் குத்திக் காட்டுகிறது என்று தெரிந்தது. ஓர் அம்பு 'உள்நுழைக' என்ற சொல்லின் நெற்றியில் நின்றது. இன்னொன்று தேடல் பெட்டியில். மற்ற இரண்டும் உறுப்பினர் பட்டியலில்.

முந்தின நாள் சாயங்காலம் நான் டீ குடிக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில் அக்கா ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை போகவில்லை. அந்தப் பசையில் தூசி படிந்து நாலு கறுப்புப் புள்ளிகளாக, கடையை ஒரேயடியாக மூடும்வரை இருந்தது.

திருப்பூரில் தாராபுரம் ரோட்டில் ஆறு சிஸ்டம் வைத்து நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அக்கா ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கியூசி. ஏற்றுமதிக்குப் போகிற துணிகளைக் கடைசியாகப் பார்த்து, போகலாம் அல்லது கூடாது என்று சொல்கிற வேலை. ஊடு அவிநாசிபாளையத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போவார். நாற்பது வயதிருக்கும். கம்பெனியிலும் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கியூசி அக்கா. எனக்கு வெறும் அக்கா.

எந்தத் துணியையும் அவரால் சும்மா பார்க்க முடியாது. முதல் தடவை கடைக்கு வந்தபோதே பேசிக்கொண்டிருக்கையில் என் சட்டையின் கீழ்மடிப்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஓவர்லாக் தையல் விட்டிருக்குதுங்க தம்பி. ரெண்டு தொவைக்குத் தாங்காது" என்றார். அதன் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். "ஏனுங்க, வெளிய போர்டுல வெப்சைட்டுன்னு எழுதியிருக்கீங்களே, எங்க ஆளுங்களுக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

எங்க ஆளுங்க என்று அவர் சொன்னது காது கேளாதவர்களை. அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் ஊட்டுக்காரருக்குக் கேட்காது. வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கல்யாணத்துக்குப் பிறகு ஆறே மாதத்தில் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டதாக அக்கா சொல்வார். பனியன் கம்பெனிகளில் அவரைப் போல நிறையப் பேர் இருந்தார்கள். டெய்லர், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஆளுக்கொரு கம்பெனியில், ஆளுக்கொரு மூலையில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் என் கடைக்கு அந்தப் பக்கம், பழைய எடைமேடையை ஒட்டியிருந்த காலி இடத்தில் கூடுவார்கள். அறுபது எழுபது பேர். தூரத்திலிருந்து பார்த்தால் சத்தமே இல்லாத ஒரு சந்தை மாதிரி இருக்கும். பொழுது விழுந்து கை தெரியாமல் போனால் பேச்சு முடிந்தது, கிளம்பிவிடுவார்கள்.

"ஒருத்தரு ரூம் மாத்தினாலோ கம்பெனி மாத்தினாலோ ஆளு காணாமப் போன மாதிரித்தானுங்க. போன் பண்ணி எங்கிருக்கேன்னு கேக்க முடியுமா? ஞாயித்துக்கெழம விட்டா அடுத்த ஞாயித்துக்கெழம. ஊருக்குள்ள அவங்களுக்குன்னு எப்பவும் தொறந்து கெடக்கற மாதிரி ஒரு எடம் வேணும். கம்ப்யூட்டர்ல அது முடியுங்களாமே?"

முடியும் என்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வருகிற சிடிக்களில் இலவச போர்ட்டல் மென்பொருள்கள் வரும். உலகத்தின் ஏதோ மூலையில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்தவை. ஏற்றி வைத்தால் போதும், உறுப்பினராகச் சேரலாம், செய்தி போடலாம், ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம், வாக்கெடுப்புகூட நடத்தலாம். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"எல்லாமே சும்மா கெடைக்குதுங்க்கா."

"சும்மா கெடைக்கறதைத்தான் தம்பி ரெண்டு தடவ செக் பண்ணோணும்."

அதை அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தத் தளம் கடைசிவரை வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஒரு வாரம் என்று சொன்ன வேலை மூன்று வருடம் இழுத்தது. ஏழு மென்பொருள்களை ஏற்றினேன், ஏழையும் அவர் திருப்பினார். நான் அவற்றின் பெயர்களைச் சொல்வேன், அவர் வாயில் நுழையாது. தலைப்பின் நிறத்தை வைத்து நீலம், பச்சை, ஆரஞ்சு, கத்திரிப்பூ என்பார், சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி லாட்டுகளைச் சொல்வது போல.

நீலத்தைத் திருப்பியதற்குக் காரணம், தமிழ் எழுத்து. என் கடையில் நன்றாகத் தெரிந்தது. அக்கா ஓசைப்படாமல் அவிநாசிபாளையத்தில் இருந்த இன்னொரு சென்டருக்குப் போய்த் திறந்து பார்த்திருக்கிறார். அங்கே பழைய சிஸ்டம். எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் கட்டங்கள். அதை அப்படியே ஒரு பேப்பரில் பேனாவால் வரைந்து எடுத்துவந்து என் மேஜையில் வைத்தார். கட்டம், கட்டம், கட்டம், ஒரு கேள்விக்குறி, கட்டம்.

"இது அந்த சென்டர்காரர் தப்புங்க்கா. அவர் சிஸ்டத்துல ஒரு செட்டிங் மாத்தணும்."

"எங்க ஆளு எந்த சென்டருக்குப் போவான்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது. ரிஜெக்ட்.

பச்சையில் சேருவதற்கு முதலில் ஈமெயில் வேண்டும். ஈமெயில் என்றால் என்ன என்று தெரியாதவன் எப்படி உள்ளே வருவான்? ரிஜெக்ட். ஒவ்வொன்றையும் ஏற்றுவதற்கு அந்தக் கால இணைப்பில் ரெண்டு மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகு மொழிக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ் போட வேண்டும். ஆரஞ்சுக்கு மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்து அதைச் செய்தேன். கடைக்கு வந்தவர்கள் கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்க்காமல் செய்தேன்.

"உள்நுழைகன்னா என்னங்க தம்பி?"

"லாகின்."

"'வா'ன்னு போட்டா ஆகாதுங்களா?"

"அது மரியாதையா இருக்காதுங்க்கா."

"கையில நாங்க எல்லாரையும் 'வா'ன்னுதான் கூப்புடறோம். யாரும் கோவிச்சுக்கலையே."

'வா' என்று மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. சரி, ஒருவழியாக முடிந்தது என்று சந்தோஷமாக இருந்தேன். அடுத்த வாரம் வந்தவர் ஆரஞ்சைத் திறந்து, ஓர் உறுப்பினரின் உள்பெட்டியைக் காட்டினார். அந்த உறுப்பினர் ஒரு பெண். பேரும் ஊரும் வயதும் போட்டிருந்தது. காது கேளாதவர் என்றும் போட்டிருந்தது. ஹாஸ்டல் விலாசம்கூட இருந்தது. பெட்டி நிறைய ஆண்கள் எழுதிய கடிதங்கள். எங்கள் ஆட்கள் இல்லை, யாரோ எவரோ. இரண்டைப் படித்தேன். மூன்றாவதைப் படிக்க முடியவில்லை.

"யாருங்க்கா இந்தப் பொண்ணு?"

"நாந்தான். பொய்யா ஒரு பேரு போட்டுப் பாத்தேனுங்க. உறுப்பினர் பட்டியலை ஊருக்கே தொறந்து வெச்சிருக்குது இது. நெசமாவே ஒரு புள்ள சேர்ந்திருந்தா, கத்திக் கூப்புடக்கூட முடியாதுங்க தம்பி அதால."

அவர் சொன்னது சரி. அதனால் என் கோபம் தணிந்துவிடவில்லை. மூன்று வார வேலையை ஒரே பட்டனில் அழிக்கிறபோது, சரியாகச் சொல்கிற ஆள்மேல் வருகிற கோபம்தான் பெரிதாக இருக்கிறது. அந்தப் பட்டியலை மறைக்க வழி இருக்கிறதா என்று தேடினேன். அந்த மென்பொருளில் இல்லை.

அவர் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் என் கடைக்கு வருவார். ஒரு நாள் அவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"இதுக்கேங்க நீங்க அழறீங்க? போன வருசம் ஒரு மெசின்ல ஊசி ஒடஞ்சு முனை காணோம். கொழந்தச் சட்டை லாட்டு. அந்தம்மா லைனையே நிறுத்தி, தரையெல்லாம் காந்தம் விட்டுத் தேடி, கெடைக்கலைன்னதும் மொத்த பண்டலையும் ஓரங்கட்டிருச்சு. மொதலாளி வந்து கத்துனாரு. அசையலை. மூணாம் நாளு முனை மெசினுக்கு அடியில, எண்ணெய்த் தட்டுல கெடந்துச்சு. சட்டையில ஒண்ணுமே இல்லீங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'சட்டையில இருந்திருந்தா?'ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான்."

நான்காவதும் ஐந்தாவதும் எதற்காகப் போயின என்று இப்போது நினைவில்லை. கத்திரிப்பூ நன்றாக நினைவிருக்கிறது. அதை நானே நன்றாகச் சோதித்திருந்தேன். பழைய சிஸ்டத்திலும் தமிழ் தெரிந்தது. ஈமெயில் கேட்கவில்லை. பட்டியலை மூடி வைக்கலாம். இந்தத் தடவை அவர் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது என்று சவால் விடாத குறையாகச் சொன்னேன். "நான் பாத்தாப் பத்தாதுங்க, உடுத்தறவங்க பாக்கோணும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டிவந்தார். அவர் ஊட்டுக்காரர், ஓவர்லாக் டெய்லர் ரஹீம், மூலனூரிலிருந்து வந்து செக்கிங் வேலை பார்த்த தனலட்சுமி, பெயர் மறந்துபோன இன்னொருவர்.

கடைக்குள் வரும்வரை நாலு பேரின் எட்டுக் கைகளும் ஓயவில்லை. ரஹீம் என்னைப் பார்த்து ஏதோ செய்து காட்ட, மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் முன்வழுக்கையைப் பற்றி என்று அக்கா பிறகு சொன்னார். ஆளுக்கொரு சிஸ்டத்தில் உட்காரவைத்து, 'வா' என்ற இடத்தை அழுத்தச் சொல்லி, எழுதுங்கள் என்றேன். திரையைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். தனலட்சுமி ஒரு விரலால் தன் பெயரை அடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"கையப் பாருங்க தம்பி" என்றார் அக்கா.

"என்னங்க்கா?"

"மடியில கெடக்குது. எங்க ஆளுங்க கை இப்படிச் சும்மா கெடந்தா, ஒண்ணு தூக்கம் வருது, இல்லாட்டிப் புரியலை."

"பழகிடுவாங்க. எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்."

"பழக்கம் இல்லீங்க இது. அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. தமிழ் எழுத்து அவங்களுக்கு இங்கிலீசு மாதிரித்தான், பாத்து எழுதுவாங்க. நெனைக்கறது கையில நெனைக்கறாங்க. இத்தன பொட்டி வெச்சிருக்கீங்களே, கைய வெக்க ஒரு பொட்டி இல்லையே."

ஒன்றரை வருடம் கழித்து இதைச் சொல்கிறார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நானும் இப்பத்தானே பாக்கறேன்" என்றார். வெளியே போனதும் வாசலில் எட்டுக் கைகளும் மறுபடி கிளம்பிவிட்டன. நான் உள்ளே உட்கார்ந்து கத்திரிப்பூவை அழித்தேன்.

ஏழாவதற்கு இரண்டு வெப்கேம் வாங்கினேன். வீடியோ அரட்டை உள்ள ஒரு போர்ட்டலைப் பிடித்து, ஒன்றாம் நம்பர் கேபினில் அக்காவின் ஊட்டுக்காரரையும் ஆறாம் நம்பரில் ரஹீமையும் உட்காரவைத்தேன். திரையில் ரஹீமின் முகம் வந்ததும் அவர் ஊட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அயர்ன் பெட்டி சுட்டுத் தழும்பேறிய அந்தக் கைகள் படபடவென்று பேசின. அந்த மூன்று வருடத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்த பத்து நிமிடம் அதுதான். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு திரைகளுக்கும் நடுவில் நின்று, இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் விட்டுவிட்டுத்தான் வந்தது. கை தூக்கும்போது இருக்கும், இறக்கும்போது இருக்காது. அடுத்த வாரம் ஊருக்குப் போகவில்லை என்று ரஹீம் சொல்ல, அந்த 'இல்லை' மட்டும் நடுவில் விழுந்துபோனது. ஊருக்குப் போகிறவன் முன்னாலேயே சொல்லக்கூடாதா, நானும் வருவேனே என்று ஊட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். எழுந்து போய் ஆறாம் நம்பர் கேபின் கதவைத் திறந்து நேரிலேயே சண்டை போட்டார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க தம்பி" என்றார் அக்கா. அவர் அப்படி ஆரம்பித்தால் ரிஜெக்ட் என்று அர்த்தம்.

இந்த நிலைமையில்தான் ஞாயிறு கூடுகிற அந்தக் காலி இடத்துக்காரர் கட்டடம் கட்ட முடிவெடுத்தார். நல்ல மனிதர், முன்கூட்டியே சொன்னார். ஆனால் சொன்னது நோம்பி சமயம், ஊர்களில் திருவிழா. பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். அடுத்த வாரம் தகரம் அடைத்துவிடுவார்கள். புது இடம் கிடைத்துவிட்டது, தாராபுரம் பக்கமாக ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒரு சர்ச் காம்பவுண்டு. ஆனால் ஊருக்குப் போனவர்களுக்கு யார் சொல்வது?

"நீலத்தையோ கத்திரிப்பூவையோ இப்பவே ஏத்திடறேங்க்கா. ஒரே ஒரு அறிவிப்பு. பாக்கறவங்க பாக்கட்டும்."

"அதத்தான் வேண்டாம்னு சொன்னமே."

"அவசரத்துக்குங்க்கா."

"அவசரத்துல போன சிப்மெண்டு எதுவும் நல்லபடியாப் போய்ச் சேந்ததில்லீங்க தம்பி. பாதி ஆளு பாத்து, பாதி ஆளு தப்பாப் புரிஞ்சுட்டு எங்கியாவது போய் நிப்பாங்க. சித்தே பொறுங்க, யோசிக்கலாம்."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "உங்களுக்கு வெப்சைட்டே வேண்டாங்க்கா. வேண்டாம்னு சொல்றதுக்கு தினம் ஏதாவது ஒண்ணு வேணும். கம்பெனியில சொல்லிப் பத்தலை, இங்க வந்து சொல்றீங்க."

அக்கா கையிலிருந்த டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக்கூட மரியாதையாகச் சொன்னார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தகரம் அடைத்தார்கள். ஊரிலிருந்து திரும்பியவர்கள் தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அக்காவும் ஊட்டுக்காரரும் புது இடத்துக்கு வழி காட்டி ஒரு படம் வரைந்து தகரத்தில் ஒட்டினார்கள். மறுநாளே அதன்மேல் யாரோ 'டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை' நோட்டீஸ் ஒட்டி மூடிவிட்டார்கள். இவர்கள் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். மறுபடி மூடினார்கள். சர்ச் காம்பவுண்டில் முதல் ஞாயிறு வந்தது பதினெட்டுப் பேர்.

இரண்டு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. போர்ட்டலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஒரே ஒரு பக்கம் செய்தேன். எழுத்தே இல்லை. பழைய இடத்தின் தகர வேலி ஒரு படம். ஒரு பஸ் ஒரு படம். சர்ச் காம்பவுண்டு ஒரு படம், அதில் அக்காவின் ஊட்டுக்காரர் இரண்டு கைகளாலும் 'வா' என்று கூப்பிடுகிறார். பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. ஆள் விட்டு அக்காவைக் கூப்பிட்டேன். வந்தார். சண்டை நடந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஆகட்டும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பஸ் போர்டுல திருப்பூர்னு இருக்குதுங்களே தம்பி."

"ஆமாங்க்கா, ரூட் பஸ்தானே?"

"இது வர்ற பஸ்ஸு. போற பஸ்ஸுல தாராபுரம்னு இருக்கும். எங்க ஆளுங்க போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கறதில்லீங்க, உருவத்தப் பாத்து ஏறுவாங்க. இதப் பாத்துட்டு வந்தா நேரா பஸ் ஸ்டாண்டுல போய் எறங்குவாங்க."

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மழை. மறுபடி போய்ப் படம் எடுக்க ரெண்டு நாள் ஆகும். அவர் போனதும், அவரைக் கேட்காமல், அப்படியே ஏற்றிவிட்டேன். தெரிந்த சென்டர்காரர்களுக்கெல்லாம் விலாசத்தைச் சொல்லி, வாசலில் ஒட்டச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மூன்று பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு பேர் சர்ச் காம்பவுண்டுக்கே வந்துசேர்ந்தார்கள். மூன்றாவது ஆள் ரஹீம். திருப்பூர் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே ஒரு சர்ச்சைத் தேடிப் பொழுது விழும்வரை சுற்றியிருக்கிறார். திங்கட்கிழமை அக்கா வந்து இதைச் சொன்னார். குத்திக்காட்டவில்லை. "ரெண்டு பேரு வந்தாங்க தம்பி" என்பதைத்தான் முதலில் சொன்னார். படத்தை மாற்றினேன். அதற்குள் கடைகளில் ஒட்டியிருந்த தாள்களும் போய்விட்டன.

அந்த இரண்டு பேர் என் கணக்கில் இருக்கிறார்கள் என்று எனக்கு இன்றும் ஒரு வாதம் உண்டு. ஏழில் ஏதாவது ஒன்றை, ஓட்டையும் கறையுமாக, முதல் வருடமே விட்டிருந்தால் இருபது பேராவது அதில் பழகியிருப்பார்கள். இருபது பேர் நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பார்கள். ஆரஞ்சின் உள்பெட்டி நினைவுக்கு வரும்போது இந்த வாதம் நின்றுவிடும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும். பிற்பாடு அக்காவின் கம்பெனியை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர்கள் தாராபுரம் பக்கம் ஊட்டுக்காரரின் ஊரோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். செல்போனில் இணையம் வந்து, நானும் கடையை மூடினேன்.

ஆனால் அதற்கு முன்னால், தகரம் அடைத்து ஐந்து மாதம் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் அக்காவைப் பார்க்கப் போனேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் சர்ச் காம்பவுண்டுக்குப் போகாமல், பழைய இடத்துக்கு எதிரில், ஒரு ரீசார்ஜ் கடையின் கூரை நிழலில் நின்றுகொண்டிருந்தார். ஊட்டுக்காரரை அங்கே அனுப்பிவிட்டு இவர் இங்கே. கையில் ஒரு பேர்ப்பட்டியல். வந்தவர்களின் பெயரை அடித்துவிட்டு, வராதவர்களுக்காகக் காத்திருப்பார். நாற்பது பேருக்கு மேல் இப்படியே சேர்த்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். அது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருடம் கம்ப்யூட்டரில் செய்யவிடாததை இப்படி ரோட்டோரம் கால் கடுக்க நின்று செய்கிறாரே என்று இருந்தது. போதும், ஊட்டுக்குப் போங்கள் என்று நேரில் சொல்லிவிடத்தான் போனேன்.

"எத்தன பேருங்க்கா பாக்கி?"

"நாலு. ரெண்டு பேரு ஊரோட போயிட்டாங்களாம். ஒருத்தன் பெங்களூருல. தனலட்சுமிதான் தெரியலை. பிரசவத்துக்குன்னு மூலனூரு போன புள்ள."

"அது எப்ப வருமோ. அதுக்காக நீங்க..."

எதிர்ப்பக்கம் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. தகரத்துக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். வேலியின் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒரு கையால் தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே கான்கிரீட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி ஸ்டாப்புக்கு நடந்தாள். பின்னாலேயே இன்னொரு பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைக்கப் போனாள்.

"ஏங்க! ஏனுங்க, இங்க பாருங்க!" என்று நான் கத்தினேன். ரோட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் ஒருத்தியைத் தவிர.

அக்கா கத்தவில்லை. நான் வாயை மூடுவதற்குள் அவர் நடு ரோட்டில் இருந்தார். சேலையை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினார். லாரி ஒன்று பிரேக் போட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். ஒரு செருப்பு ரோட்டிலேயே கிடந்தது. அவர் பஸ்ஸை முன்பக்கமாகச் சுற்றிப் போய், படிக்கட்டுக்கும் தனலட்சுமிக்கும் நடுவில் நுழைந்து, முகத்துக்கு நேரே நின்றார்.

நான் செருப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. தனலட்சுமி அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். குழந்தை இடுப்பில் இருந்ததால் ஒற்றைக் கையால்தான் பேச முடிந்தது. பாதி வார்த்தையில் அந்தக் கை திணறியது. அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். இப்போது இவருக்குக் கை போதவில்லை. இரண்டு பேரும் ஒரு நிமிடம் தவித்தார்கள்.

"தம்பி, சித்தே புள்ளையப் புடிங்க."

பிடித்தேன். பெண் குழந்தை. மூன்று மாதம் இருக்கும். அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நாலு கைகள், ஐந்து மாதத்துப் பேச்சு. நான் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு அங்கே இடமே இருக்கவில்லை. தகரத்தின் நிழல் எங்கள் மேல் நீண்டு, ரோட்டைத் தாண்டி, ரீசார்ஜ் கடைவரை போனது. என் தோள் கடுத்தது. ஒரு லாரி ஹாரன் அடிக்க, குழந்தை உதறி விழித்து வீறிட்டு அழுதது.

அக்காவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் பேசிக்கொண்டிருக்கிறவளின் கையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. தனலட்சுமி எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். "ஏங்க, கொழந்தை..." என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றிப் போய் அவளுக்கு எதிரில் நின்றேன்.